தாளிக்காத ஊர்

நெடுங்கண்மாயில் பதின்மூன்று வருஷம் ஒரு வீட்டு அடுப்பிலும் கடுகு வெடிக்கவில்லை. மிளகாய்வற்றல் நெடியில் யாரும் தும்மவில்லை, அப்பளம் பொரியும் சத்தத்துக்கு எந்தப் பிள்ளையும் விளையாட்டை விட்டு ஓடிவரவில்லை. பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் வந்து இலை முன்னால் உட்கார்ந்து, வெறும் பருப்பையும் ஒரு கறிவேப்பிலைகூட மிதக்காத ரசத்தையும் பார்த்துவிட்டு, சம்பந்தம் செய்தது மனிதர்களோடுதானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பஸ் கண்டக்டர்கள் ஊர்ப்பேரைச் சொல்வதையே விட்டுவிட்டு "தாளிக்காத ஊரெல்லாம் எறங்கு" என்று விசிலடித்தார்கள். ஊர்க்காரர்களும் கோபித்துக்கொள்ளாமல் இறங்கினார்கள். உள்ளதைச் சொன்னவனிடம் என்ன கோபம்.

விஷயம் இதுதான். கண்மாய்க் கரையில் பிள்ளைகளுக்கு அம்மை பார்த்திருந்தது. அம்மை பார்த்த வீட்டில் தாளிக்கக் கூடாது, கவிச்சி ஆகாது, தலை சீவக் கூடாது, வந்தவர்கள் புறப்படும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லவும் கூடாது, எழுந்து அப்படியே நடந்துவிட வேண்டும். வந்திருப்பவள் ஆத்தா, அவள் காதுபட வருகிறேன் என்றால் அவளும் திரும்ப வருவாள். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். எல்லா ஊரிலும் அது ஒரு வீட்டோடு, பத்துப் பதினைந்து நாளோடு, வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றியதும் தீர்ந்துவிடும். நெடுங்கண்மாயில் தீரவில்லை, ஏனென்றால் அங்கே அம்மை பார்த்திருந்தவை மண்பிள்ளைகள்.

அவற்றைச் செய்தவள் அங்காயி. மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் சோணைமுத்து வேளார்தான் கரையடி அய்யனார் கோயிலுக்குப் பூசாரி, கோயிலுக்கு மண்குதிரை செய்கிறவரும் அவர்தான். சக்கரத்தில் பெண்கள் கை வைப்பதில்லை என்பதால், கையாலேயே பிடிக்கிற மதலைகள் அங்காயியின் பங்கு. மதலை என்றால் நேர்ச்சைப் பிள்ளை. குழந்தைக்கு நோவு வந்த தாய் அய்யனாரை வேண்டிக்கொண்டு, அந்தக் குழந்தையின் சாயலில் ஒரு மண்பிள்ளை செய்யச் சொல்லி, சுட்டெடுத்து, கோயில் மருதமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்துவாள். அங்காயி மண்ணைப் பிசைவதற்கு முன்னால் குழந்தையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, கை சோர்கிற வரைக்கும் அந்தப் பெயரையே சொல்லிச் சொல்லிப் பிசைவாள். அவளுக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான். ஒரே ஒரு விதி உண்டு. சாமிக்கும் குதிரைக்கும் கண் திறப்பார்கள், அதுவும் காப்புக் கட்டி விரதமிருக்கிற வேளார்தான் திறப்பார். மதலைக்குக் கண் திறப்பதில்லை. மூடிய இமைதான். தூங்குகிற பிள்ளையாக நின்று, வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, கண்மாய் மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும்.

அந்த விதியை அங்காயி ஒரு பங்குனி மாதத்து மத்தியானத்தில் மீறினாள். வேண்டுமென்று மீறவில்லை. மேலவயல் ராக்கு வந்து பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூன்று வயது மகள் தவமணிக்கு அம்மை முத்திக் கிடந்தது. ராக்கு அழவில்லை, அழுகை தீர்ந்துபோன முகத்தோடு, அங்காயி பிடித்து முடித்திருந்த பச்சை மண்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எம்புள்ள கண்ணு தொறந்து மூணு நாளாச்சுக்கா," என்றாள். "இதுவும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கணுமா?"

அங்காயி பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். ஈர மண்ணில் இமைகளைக் கீறி, பிரித்து, உள்ளே இரண்டு கண்பாவைகளை அழுத்தினாள். செய்து முடித்த பிறகுதான் செய்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. மண்பிள்ளை அவளைப் பார்த்தது. பொம்மைகள் பார்ப்பது போலத் தோன்றுமே, அப்படி இல்லை, பார்த்தது. ஒரு நாழிகை கழித்து மேலவயலிலிருந்து சைக்கிளில் ஆள் வந்து, தவமணி கண் திறந்துவிட்டாள், கஞ்சி கேட்கிறாள் என்றான். ராக்கு சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து ஓடினாள்.

சூளை பிரித்த அன்றைக்கு சோணைமுத்து அந்த மதலையைத் தூக்கப் போய்க் கையை உதறினார்.

"சுடுது," என்றார்.

"சூளைச் சூடு இருக்கும்ல," என்றாள் அங்காயி.

"சூளை ஆறி ரெண்டு நாளாச்சு. இது காய்ச்சலடி." அவர் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "கண்ணைத் தொறந்தியா?"

அவள் தலையசைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மரத்தடியில் நின்ற மதலையின் நெற்றியிலும் மார்பிலும், சுட்ட மண்ணுக்குள்ளிருந்து, ஒவ்வொன்றாய் முத்துக்கள் எழும்பின.

அதிசயம் என்று யாரும் கூட்டம் கூட்டவில்லை. நெடுங்கண்மாய்க்காரர்கள் எதற்கும் சட்டென்று வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. அம்மை பார்த்த பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார்கள்: வேப்பங்கொத்து செருகினார்கள், தலைமாட்டில் இளநீர் வைத்தார்கள், அன்று மாலையே முதல் வீடாக சோணைமுத்து வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார்கள், ஒரு வாரத்தில் கோயிலைச் சுற்றியிருந்த வீடுகள், மாசக்கடைசிக்குள் ஊர் மொத்தமும். பத்து நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள்.

பத்து நாளில் ராக்கு சொல்லி இன்னொரு தாய் வந்தாள். அவளைப் பார்த்து மூன்று பேர் வந்தார்கள். கண் திறக்காத மதலை வேண்டுமென்று கேட்க இனி யார் இருக்கிறார்கள்? அங்காயி மண்ணைப் பிசைந்தாள், பெயரைச் சொன்னாள், ஈர்க்கை எடுத்தாள். அம்மைக்கு வந்தார்கள், கக்குவான் இருமலுக்கு வந்தார்கள், மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்ட பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போன பிள்ளைகள் எழுந்து நடந்தன. கரையில் நின்ற பிள்ளைகள் நோயில் கிடந்தன.

கிடந்தன என்றால், அன்றைக்கு வந்த நோய் அன்றைக்கு வந்தபடியே நின்றுவிட்டது. தவமணியின் மதலைக்கு எப்போதும் மூன்றாம் நாள் காய்ச்சல்தான். நாலாம் நாள் அதற்கு வரவே இல்லை. அவை குணமாகவில்லை, சாகவுமில்லை, வளரவுமில்லை. மார்கழி விடியலில் கரையிலிருந்து இருமல் கேட்கும். ஒன்று தொடங்கினால் அடுத்தடுத்துத் தொற்றிக்கொண்டு கண்மாயின் கடைசி மடை வரைக்கும் போய், திரும்பி வரும். வயலுக்குப் போகிற பெண்கள் நின்று, முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து ஈரத்துணி போட்டார்கள். பஞ்சாயத்தில் கூடிப் பேசி, கரையில் ரேடியோ வைக்கக் கூடாது, ஆடு மேய்க்கக் கூடாது, பஸ் ஹாரன் அடிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள், டிரைவர்களும் கேட்டுக்கொண்டார்கள். ஊசி போட வந்த சுகாதார நர்ஸ் முதல் தடவை தெர்மாமீட்டரை ஒரு மதலையின் அக்குளில் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, தன் நோட்டில் எதையோ எழுதி, அந்தத் தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளும் மாதம் ஒருமுறை அவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போனாள். குளிர்காலத்தில் ஊர்நாய்கள் சூடான மதலைகளின் காலடியில் சுருண்டு படுத்தன. நாற்று நட்டு விரல் விறைத்து வருகிற பெண்களும் ஒரு மதலையின் வயிற்றில் கையை வைத்துக் கதகதப்பாக்கிக்கொள்வார்கள். வைத்த பிறகு வெட்கப்பட்டு, கையை எடுத்து, கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைப்பார்கள்.

தாளிக்காமல் இருப்பதுதான் ஆகப் பெரிய சிரமம், வேறெதுவும் இல்லை. புதிதாக வந்த மருமகள்கள் முதல் வாரம் ரசத்துக்காக அழுதார்கள். ஒரு வாத்தியார் மாற்றலாகி வந்து எட்டாம் நாளே தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'நாக்கு' என்று போட்டாராம். ஆண்கள் சந்தைக்குப் போகிற சாக்கில் ரோட்டோரக் கடையில் நின்று, ஒன்றும் வாங்காமல், எண்ணெய்ச் சட்டி வாசத்தை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு வருவார்கள். சட்டையில் வாசம் ஒட்டியிருந்தால் கண்மாயில் முங்கிவிட்டுத்தான் ஊருக்குள் வர வேண்டும். அந்த வருஷங்களில் நெடுங்கண்மாய் ஆண்கள் மாதிரி சுத்தமானவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது.

பிழைத்த பிள்ளைகளிடம் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர்களுக்கு அதற்குப் பிறகு ஒரு தும்மல்கூட வரவில்லை. உள்ளங்கை மட்டும் எப்போதும் பானைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. மழை பெய்து மண்வாசம் எழும்பினால், எந்த ஊரிலிருந்தாலும், சுவரண்டை போய் நின்று மண்ணை நக்கினார்கள். அம்மாக்கள் முதுகில் இரண்டு வைத்து இழுத்து வந்தார்கள்.

இரண்டாம் வருஷத்தில்தான் ஊருக்குப் பயம் வந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளாடு மரத்தடியில் புகுந்து ஒரு மதலையைச் சாய்த்துவிட்டது. கழுத்து முறிந்து, ஓடு சிதறி, உள்ளிருந்து ஆவி கிளம்பியதை நாலைந்து பேர் பார்த்தார்கள். அந்தக் குழந்தைக்கு ஐந்து மைல் தள்ளி வீடு. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் விட்டுப்போன காய்ச்சல் திரும்ப வந்து அதைக் கொண்டுபோய்விட்டது. அங்காயி அந்த ஓட்டுத் துண்டுகளை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து கரை முழுக்க ஓலைக் கொட்டகை போடச் சொன்னாள், முள்வேலி கட்டச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக்கூட ஊரைத் தாண்டவில்லை. விடிந்தால் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மதலையாக விரிசல் பார்த்து அடைப்பாள். அவை அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். நோவில் கிடக்கிற எந்தப் பிள்ளையும் தாயை எப்படிப் பார்க்குமோ, இப்போது சரியாகிவிடும் என்று சொல்லேன் என்கிற பார்வை, அப்படித்தான் பார்த்தன. நோயைச் சுமப்பதற்கென்றே பிள்ளைகளைப் பெற்றுப் போட்டவள் நான் ஒருத்திதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். ஆனாலும் கரையில் அடுத்த தாய் வந்து நிற்பாள், அவள் தோளில் ஒரு பிள்ளை துவண்டு கிடக்கும், அங்காயி ஈர்க்கைத் தேடுவாள்.

வெள்ளத்தாயின் கதை நடந்தது நாலாவது வருஷத்தில். கோவிலூரணிக்காரி. அவளுடைய மகன் காத்தமுத்து நாலு வயதில் அம்மையிலிருந்து பிழைத்தவன்; அந்த நன்றியில் அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து அவனுடைய மதலைக்குத் துணி போட்டுவிட்டுப் போவாள். ஆத்தாளைப் பார்க்கப் புறப்படும்போதும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதால் மகனிடமும் சொல்லாமல்தான் கிளம்புவாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, அவள் இங்கே மண்மகனின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே ஏழு வயது காத்தமுத்து பம்புசெட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டான். தகவல் இங்கே வந்தபோது அவள் கையில் ஈரத்துணி இருந்தது, மதலை கொதித்துக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் அவள் மறுபடி வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள். துணி போடுவதை விட்டுவிட்டாள். மதலையைக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, கடைசி பஸ் வருகிறவரை உட்கார்ந்திருப்பாள். அது சூடாக இருந்தது, அவளுக்கு அது போதும்.

எட்டாவது வருஷம் ஐப்பசியில், மழை இறங்குவதற்குச் சில நாள் முன்னால், தவமணியின் மதலை விரிசல் விட்டது. தோளில் தொடங்கிய கீறல் வயிறுவரை ஓடியிருந்தது. அங்காயி அடைத்தாள், விடிந்தால் பிளந்திருந்தது. வெல்லப்பாகு காய்ச்சிக் கலந்து அடைத்தாள், அதையும் துப்பிவிட்டது. மழை வந்தால் ஒரு நாள் தாங்காது என்று தெரிந்து, ராக்குவுக்குச் சொல்லியனுப்பினாள்.

ராக்கு அலறிக்கொண்டு வந்தாள். வீட்டிலேயே இரு என்று சொல்லியும் கேட்காமல், பின்னால் தவமணியும் வந்தாள். பதினோரு வயது, நெட்டை, இரட்டைச் சடை, முழங்காலில் புழுதி. ராக்கு அங்காயியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது செய்யுங்கக்கா, இரும்புக் கம்பி போட்டுக் கட்டுங்கக்கா என்று மன்றாடிக்கொண்டிருக்க, தவமணி கொட்டகைக்குள் போய்த் தன் மதலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, இது நானா?" என்றாள்.

"நீதான்த்தா."

"ரொம்பச் சின்னப் புள்ளையா இருக்கா." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எத்தன நாளா இவளுக்குக் காய்ச்ச?" என்று கேட்டாள்.

"எட்டு வருஷமா."

தவமணி தன் குளிர்ந்த கையை அதன் நெற்றியில் வைத்தாள். மண்பிள்ளை கண்ணை அவள் பக்கம் திருப்பியதை அங்காயி பார்த்தாள். எட்டு வருஷத்தில் அது அங்காயியைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

"நான் இப்பப் பெருசாயிட்டேன்ல பெரியம்மா," என்றாள் தவமணி. "அப்பத்தான் எனக்குத் தாங்காது. இப்பத் தாங்கும். எங்கிட்டயே குடுத்துருங்க."

ராக்கு பாய்ந்து வந்து மகளின் வாயைப் பொத்தினாள். "என்னடி பேச்சுப் பேசுற. ஆத்தா காதுல விழப்போகுது. அக்கா, அவ சின்னப்புள்ள, அவ சொல்றத எடுத்துக்காதீங்க."

"கம்பி போட்டுக் கட்டுனா நாளைக்கு ஒடையும், இல்லாட்டி நாளான்னைக்கு," என்றாள் அங்காயி. "அது ஒடைஞ்சு வர்றது வேற ராக்கு. நம்ம வாங்கிக்கிறது வேறயா இருக்கலாம்."

"இருக்கலாமா? எம்புள்ள உசுர வச்சு இருக்கலாம்னு பேசுறீங்களேக்கா."

அங்காயிக்கும் தெரியாதுதான். தெரியும் என்று பொய் சொல்லவும் அவளுக்கு வரவில்லை. சோணைமுத்து அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "கண்ணைத் தொறந்த கைதான் அத மூடி நோவைத் திருப்பிக் குடுக்கணும், அது சரி. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. மூடுன கை மறுபடி தொறக்காது. எங்கய்யா சொல்லியிருக்காரு. இனிமே வர்றவளுகளுக்கு என்ன சொல்லுவ?"

அன்றைக்கும் ஒருத்தி வந்து கரையில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒரு வயதுப் பெண்பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு. அங்காயி அவளைப் பார்த்தாள், விரிசலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிறகு பட்டறைக்குப் போய், அந்தக் கைப்பிள்ளையின் பெயரைக் கேட்டு, அவசர அவசரமாக மண்ணைப் பிசைந்து, கடைசியாக ஒரு ஜோடிக் கண்ணைத் திறந்தாள். திறந்து முடித்ததும் ஈர்க்கை அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடிகிறவரை நின்று பார்த்துவிட்டு, ஒரு பிடி ஈரமண்ணோடு கரைக்குத் திரும்பினாள்.

அதற்குள் ராக்குவின் பிடியிலிருந்து நழுவி, தவமணி மதலையைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். அக்காக்காரிகள் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிவார்களே, அப்படி ஒரு பக்கமாக வளைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அய்யனாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றாள். ராக்கு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளாக எழுந்து வேண்டாம் என்று தடுத்திருந்தால் அங்காயி விட்டிருப்பாள். ராக்கு தடுக்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்காயி, "தவமணி, தவமணி" என்று சொல்லிக்கொண்டே, கட்டைவிரலால் ஈரமண்ணை அந்தக் கண்களின் மேல் இழுத்து இமையை மூடினாள்.

மண் ஆறியது. தவமணியின் உதடு காய்ந்தது.

அங்காயி வீட்டிலேயே வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். முதல் நாள் அனத்தினாள். இரண்டாம் நாள் முத்துக்கள் முகமெல்லாம் எழும்பின. மூன்றாம் நாள் கண்ணைத் திறக்கவில்லை. ராக்கு அங்காயியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. ஊர் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தது. அங்காயிக்கு அந்த ஒரு நாள் எட்டு வருஷத்தைவிட நீளமாக இருந்தது. நாலாம் நாள் என்று ஒன்று இருக்கிறதா என்பது அவளுக்கே சந்தேகமாகப் போயிற்று. மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த நாலாம் நாள் காலையில் தவமணி கண்ணைத் திறந்து, "கஞ்சி வேணாம், வேற என்னமாவது குடுங்க," என்றாள். அப்போதுதான் ராக்கு, மகளை விட்டுவிட்டு, அங்காயியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

செய்தி பஸ்ஸில் போயிற்று. தங்கள் நோவைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் வந்தார்கள். அங்காயி ஒரே ஒரு கணக்குத்தான் வைத்தாள்: தன் மதலையைத் தானே இடுப்பில் தூக்கி அய்யனாரை ஒரு சுற்று வரமுடிகிற பிள்ளைக்கு மூடுவாள், முடியாவிட்டால் அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிடுவாள். கரையோர வீடுகளெல்லாம் அம்மை வீடுகளாயின. வந்த பிள்ளைகள் வரிசையாகப் படுத்துச் சொறிந்துகொண்டு, இருமிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு கிடந்து எழுந்து போனார்கள். ஒருவரையும் அய்யனார் கைவிடவில்லை. ஆனால் சோணைமுத்து சொன்னதும் பலித்தது. அதற்குப் பிறகு அங்காயி எத்தனை ஈர்க்கு எடுத்தும் வெறும் கீறல்தான் விழுந்தது. அடுத்த வாரம் வந்த தாய்க்குக் கண் திறக்காத மதலைதான் கொடுக்க முடிந்தது. அந்தக் குழந்தை பிழைத்தது. அதற்கடுத்து வந்த குழந்தை பிழைக்கவில்லை. அந்தத் தாய் கரையில் நின்று அங்காயியைப் பார்த்துச் சபித்தாள், அங்காயி கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டாள், ஏனென்றால் கேட்பதைத் தவிர அவளிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை.

பதின்மூன்றாவது வருஷம், கடைசியாகத் திறந்த மதலைக்குரிய பெண், ஆறு வயதுக்காரி, மூன்று இடத்தில் நின்று மூச்சுவாங்கி ஒரு சுற்றை முடித்தாள். அவளும் படுத்து எழுந்தாள். கரையில் இருமல் நின்றது. கொட்டகையின் கீழே வரிசை வரிசையாய் மூடிய இமைகள். ஒரு ஜோடிக் கண் மட்டும் திறந்திருந்தது.

காத்தமுத்துவின் நோவை வாங்கிக்கொள்ளக் காத்தமுத்து இல்லை. மூடினால் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியவில்லை, மூடலாமா என்று வெள்ளத்தாயிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஊர் மொத்தமும் ஒரு கடுகு வெடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தது, ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கினால் எல்லோரும் வேலையாக இருப்பது மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். நெடுங்கண்மாய்க்காரர்களைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. இந்த ஒன்றுக்காக அவர்களை மன்னித்துவிடலாம்.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளத்தாய் மதலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அங்காயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளத்தாயே பேசினாள்.

"இன்னிக்கு அவன் இருந்தா என்ன வயசு தெரியுமா அக்கா? பதினாறு. மீசை வந்திருக்கும்." மதலையின் மேலுதட்டைத் தடவினாள். "இவனுக்கு இன்னும் நாலு வயசு. நான் அணைச்சிருக்கிறது காய்ச்சல. எம்புள்ளய இல்ல. அது எனக்குத் தெரியாமயா இருக்கு."

அங்காயி மதலையின் பாதத்தில் ஒட்டியிருந்த புழுதியைத் துடைத்துவிட்டாள்.

"சூடா இருந்துச்சேக்கா," என்றாள் வெள்ளத்தாய். "கெணத்துல இருந்து தூக்குனப்ப அவ்வளவு குளிர்ச்சி. அதான் இத விட முடியல."

பஸ் வந்து போயிற்று. அவள் ஏறவில்லை. வெகு நேரம் கழித்து, "எம்புள்ள காய்ச்ச எனக்கு வராதாக்கா? நான்தான பெத்தேன்," என்றாள். எழுந்து, மதலையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அய்யனாரைச் சுற்றப் போனாள். ஒரு சுற்றுப் போதும். அவள் மூன்று சுற்றினாள். அங்காயி கண்மாய்த் தண்ணீரில் மண் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "காத்தமுத்து, காத்தமுத்து" என்று இருவருமே சொன்னார்கள். மூடுவதற்கு முன்னால் அந்தக் கண்கள் வெள்ளத்தாயைப் பார்த்தன. அவள், "ஒண்ணுமில்ல சாமி, இப்பச் சரியாயிரும்," என்றாள். அங்காயியின் கட்டைவிரல் இமையை இறக்கியது.

வெள்ளத்தாய் பதினோரு நாள் கிடந்தாள். நாற்பது வயதில் வந்த அம்மை லேசுப்பட்டதா. தொண்டைக்குள்ளும் முத்து, உள்ளங்காலிலும் முத்து. ஜன்னியில் மகனோடு பேசினாள், மீசையை ஒதுக்கச் சொன்னாள். ஊர்ப்பெண்கள் முறை வைத்து விசிறினார்கள். பன்னிரண்டாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். முகமெல்லாம் தழும்போடு எழுந்து உட்கார்ந்து, அங்காயியின் அடுப்படியைப் பார்த்து, "உங்க வீட்டுல கடுகு இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை. ஊரிலேயே இல்லை. சோணைமுத்து எழுபது வயதுக் காலோடு சந்தைக்கு ஓடி ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். சட்டியில் எண்ணெய் ஊற்றி, காய்ந்ததும், வெள்ளத்தாய் தன் கையாலேயே ஒரு சிட்டிகை போட்டாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று வெடித்தது, இரண்டு வெடித்தது, சடசடவென்று மொத்தமும் வெடித்தது. மிளகாயைக் கிள்ளிப் போட்டதும் நெடி கூரையில் ஏறித் தெருவில் இறங்கியது. தாளிதம் என்றால் என்னவென்றே தெரியாமல் அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளெல்லாம் தும்மிக்கொண்டு வெளியே வந்து, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று கத்தினார்கள். பெரியவர்கள் நின்ற இடத்திலேயே நின்று மூக்கால் இழுத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய் நெடி என்றார்கள்.

சாப்பிட்டு முடித்து, சாயங்கால பஸ்ஸுக்கு வெள்ளத்தாய் பழக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல்தான் எழுந்து நடந்தாள். அங்காயி பின்னாலேயே போனாள். கரையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. வெள்ளத்தாய் ஏறப் போனவள், திரும்பி, கொட்டகைக்குள் போய், அந்த மதலையின் தலையில் கை வைத்தாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும். ஆனால் கையை எடுக்கவில்லை.

"போயிட்டு வர்றேன்யா," என்றாள்.

பதின்மூன்று வருஷமாக யாரும் அந்த ஊரில் சொல்லாத சொல். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றான். மூடிய கண்ணோடு நின்ற மண்பிள்ளை பதில் சொல்லுமா என்று வெள்ளத்தாய் காத்திருந்தாள். அது சொல்லவில்லை. சொல்லாது என்று அங்காயிக்குத் தெரியும், அதனால் அவளே பின்னாலிருந்து, ஒரு பிள்ளை சொல்வதுபோலச் சின்னக் குரலில், "போயிட்டு வாம்மா," என்று சொன்னாள்.